அளவுகோல் யார் கையில்?

(டுரியான் துங்கால் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், கேட்ட மாத்திரத்தில் துரைமார் மாநாட்டுக்கு உரியது போலத் தோன்றும். ஒரு நிறுவனம் எவ்வளவு திறமையாக நடக்கின்றது என்பதை எப்படி அளப்பது, அளந்ததைக் கொண்டு அதை எப்படி நடத்துவது என்பதே அந்தப் பொருள். "இது நமக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் இருக்கும் தோழர்கள் நினைக்கலாம்.

தோழர்களே! விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கி, வெயில் ஏறும் நேரத்தில் காண்டா சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு வந்த எவருக்கும் அளவை என்றால் என்னவென்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அளக்கப்பட்டு வந்தவர்கள் நாம். அளக்கப்பட்டவன் அளவுகோலைப் பற்றி ஒருநாள் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அந்த நாள் இன்றாக இருக்கட்டும்.

இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் நம் ஊரின் பெரிய பல்கலைக்கழகத்தைக் கடந்து வந்தோம். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இன்று மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா என்று பெயர் பெற்றிருக்கும் கல்விக்கூடம் அது. அங்கே பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கும் விஷயத்தை, நம் தாய் தந்தையர் தோள்பட்டைத் தழும்பில் படித்தார்கள். இரண்டு படிப்பையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

கணக்கேட்டில் நம் வரி

மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிடும் வேலை தொடங்கியதே நம் மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அந்த நாளில் ஒரு தோட்டத்தின் பெருமையை ஏக்கரால் சொன்னார்கள். மரம் வெட்டுக்கு வந்தபின், ஏக்கருக்கு எத்தனை ராத்தல் என்று கேட்டார்கள். இலண்டனில் பங்கு விற்கத் தொடங்கியபின், ராத்தலுக்கு என்ன அடக்கச் செலவு என்று கேட்டார்கள்.

கேள்வி மாற மாற, கணக்கேட்டில் நம் இடமும் மாறியது. ஏக்கரை எண்ணிய நாளில் நாம் காடு அழிக்கும் கைகள். ராத்தலை எண்ணிய நாளில் பால் வெட்டும் கைகள். அடக்கச் செலவை எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து நாம் 'செலவு' என்ற பத்தியில் ஒரு வரி. செலவைக் குறைப்பவர் நல்ல துரை. அவருக்குப் பதவி உயர்வு. எதை அளக்கின்றார்களோ அதன் வழியேதான் நிர்வாகம் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நிறுவைக் கொட்டகையின் பாடம்

இனி நமக்குப் பழக்கமான இடத்துக்கே வருவோம். வாளியில் இருக்கும் பால் முழுவதும் ரப்பர் அன்று, பெரும்பகுதி தண்ணீர். பாலின் எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுத்தால் என்ன நடக்கும்? வாளியில் தண்ணீர் கூடும். தொழிலாளி கெட்டவன் என்பதால் அன்று. அந்த அளவுகோல் தண்ணீருக்கும் காசு கொடுக்கின்றது என்பதால். ஆகவே நிர்வாகம் மெட்ரோலாக் என்ற கருவியைக் கொண்டுவந்தது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பாலில் ரப்பர் அதிகமாக இருந்தால் கருவி ஆழமாக அமிழும். தண்ணீர் அதிகமானால் மேலே மிதக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டு, அதற்குக் கூலி போட்டார்கள். முதல் அளவையின் ஓட்டையை இரண்டாம் அளவை அடைத்தது. அது நியாயமே; நாம் மறுக்கவில்லை.

ஆனால் இரண்டாம் அளவைக்கும் ஓட்டை உண்டு. ஒரு நாளைக்கு 40 கிலோ பால் கொண்டுவரும் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். உலர் ரப்பர் நூற்றுக்கு 30 என்றால் அவர் பெயரில் 12 கிலோ எழுதப்படும். கிராணி அதை 28 என்று படித்தால் 11 கிலோ 200 கிராம். வித்தியாசம் 800 கிராம்தானே என்று தோன்றும். மாதம் 25 நாள் வேலை என்றால் அது 20 கிலோ ரப்பர்! ஒன்றரை நாளுக்கும் அதிகமான உழைப்பு ஒரு கோட்டின் மேலும் கீழுமாகக் கரைந்துவிடுகின்றது. முதல் ஓட்டையில் கசிந்தது முதலாளியின் காசு. அதை அடைக்கக் கருவி வந்தது. இரண்டாம் ஓட்டையில் கசிவது தொழிலாளியின் காசு. அதை அடைக்க யார் வருவார்?

நமக்குத் தெரிந்த ஒரு தாயார் வந்தார். எந்தத் தோட்டம் என்று சொல்லமாட்டோம். அவர் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். மகன் எழுதி மீந்துபோன பள்ளிக் கணக்கு நோட்டில், தினமும் தன் பால் எத்தனை கிலோ, கிராணி சொன்ன விழுக்காடு என்ன, மழையா வெயிலா என்று மூன்றே பத்திகள் எழுதி வந்தார். ஏழு மாதம் எழுதினார். வெயில் நாளில் பால் கெட்டியாக இருக்கும், மழைக்கு மறுநாள் நீர்த்திருக்கும் என்பது பால் வெட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய நோட்டில் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே விழுக்காடுதான் வாரக்கணக்கில் இருந்தது! கருவியைப் பாலில் விடாமலே பழக்கத்தில் ஓர் எண்ணைப் போட்டு வந்திருக்கிறார்கள்.

அந்த நோட்டைத்தான் நாம் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றோம். கூச்சல் இல்லை, கொடி இல்லை. நோட்டை மேசைமேல் விரித்து வைத்தோம். நிர்வாகி நீண்ட நேரம் புரட்டிப் பார்த்தார். முழு வெற்றி என்று பொய் சொல்லமாட்டோம். பழைய பாலின் மாதிரி எதையும் எடுத்து வைக்காததால், மூன்று மாதத்துக்கு மட்டுமே பாக்கி கிடைத்தது. ஆனால் அன்று முதல் ஒவ்வொருவர் பாலிலும் அவர் கண்ணெதிரே கருவி இறங்கியது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு.

மரமும் அணையும்

ராத்தலை மட்டும் அளந்தால் மரத்துக்கு என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அதிகப் பால் வேண்டும் என்று அவசரப்படுத்தினால் உளி ஆழமாகப் போகும். மரத்தில் காயம் விழும். பட்டையும் தடிப்பாகச் சீவப்படும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினால், மாதம் இரண்டேகால் சென்டிமீட்டர் போகும். இரண்டரை மில்லிமீட்டர் சீவினால் மூன்றே முக்கால் சென்டிமீட்டர் போய்விடும். வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மறுபடி வெட்டுக்கு வரப் பல ஆண்டுகள் வேண்டும். இந்த ஆண்டின் கணக்கில் தோட்டம் முதல் பரிசு வாங்கும்; சில ஆண்டுகள் கழித்துப் பட்டை வறண்டு மரம் நிற்கும். பரிசு வாங்கிய துரை அப்போது வேறு தோட்டத்தில் இருப்பார்.

இதை அறிந்துதான், 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், எவ்வளவு பட்டை போகலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டலாம் என்று ஆராய்ந்து சொன்னது. மண்டோர் வந்து பட்டையை அளந்து, காயத்தை எண்ணும் வழக்கமும் அதனால்தான் வந்தது. இன்று வந்த பாலோடு, நாளைக்கு மிஞ்சும் பட்டையையும் சேர்த்து அளந்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. டுரியான் துங்கால் அணை இருக்கின்றது. 1991-இல் அந்த அணை வற்றியபோது மலாக்கா மாநிலமே தண்ணீருக்குத் தவித்தது. அதன்பிறகு ஜூஸ் அணையும் எழுந்தது. குழாயில் எவ்வளவு வருகின்றது என்பது ஓர் அளவு; அணையில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பது மற்றோர் அளவு. இரண்டாவதை மறந்தவன் முதலாவதையும் ஒருநாள் இழப்பான்.

தோழர்களே! மரத்தின் பட்டையை அளக்க மண்டோர் உண்டு. அணையின் மட்டத்தை அளக்கக் கோல் உண்டு. காண்டா சுமந்த தோள் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அளக்க எந்தத் தோட்டத்தில் என்ன கோல் வைத்திருந்தார்கள்? மரத்துக்குக் கிடைத்த கணக்கு மனிதனுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் நம் வழக்கு.

படித்தவர்கள் சொல்வது

நாம் சொல்வது தொழிலாளியின் புலம்பல் என்று எவரும் தள்ளிவிட முடியாது. ஆராய்ச்சியாளர்களும் இதையேதான் கண்டார்கள். அமெரிக்காவில் பீட்டர் பிளாவ் என்ற சமூகவியலாளர் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றை ஆராய்ந்து 1955-இல் நூல் வெளியிட்டார். அங்கே ஊழியர்களின் திறமையை, எத்தனை பேரைப் பேட்டி கண்டார்கள் என்பதைக் கொண்டு அளந்தார்கள். விளைவு என்ன? பேட்டிகள் பெருகின, வேலை தேடி வந்தவனுக்கு வேலை கிடைத்ததா என்று கவனிக்க நேரமில்லாமல் போயிற்று. பிறகு பல அளவைகளை வைத்தார்கள். 1956-இல் ரிட்ஜ்வே என்பவர் இத்தகைய ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். ஒற்றை அளவை வைத்தாலும், பல அளவைகள் வைத்தாலும், எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினாலும், மக்கள் அந்த எண்ணுக்கு ஏற்பத் தம் வேலையை வளைத்துக்கொள்வார்கள் என்று எச்சரித்தார். நம் வாளித் தண்ணீரின் கதைதான் அது!

1992-இல் காப்லான், நார்ட்டன் என்ற இருவர், இலாபத்தை மட்டும் பார்த்து நிறுவனத்தை நடத்தாதீர்கள் என்று எழுதினார்கள். பணம், வாடிக்கையாளர், உள்ளே வேலை நடக்கும் முறை, கற்று வளர்தல் என்று நான்கு பக்கமும் அளக்கச் சொன்னார்கள். நம் நாட்டிலும் இந்தச் சிந்தனை பரவியது. 1996-இல் அரசாங்கம், உற்பத்தித் திறனோடு இணைந்த சம்பள முறைக்கு வழிகாட்டி வெளியிட்டது. இன்று 'கேபிஐ' என்ற சொல் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. நான்கு பக்கம் பார்ப்பது நல்லதே. ஆனால் அந்த நான்கில் தொழிலாளிக்கென்று தனிப்பக்கம் எங்கே? அவன் குடியிருக்கும் வீடு எங்கே? கேட்க வேண்டிய கேள்வி அது.

கைக்கு அடங்காததை அளக்காதே

உற்பத்திக்கேற்ற சம்பளம் என்றால் நாம் உடனே எதிர்ப்பவர்கள் அல்லர். கூடுதல் ராத்தலுக்குக் கூடுதல் காசு என்று கேட்டு வாங்கியதே நாம்தான். நம் நிபந்தனை ஒன்றுதான்: தொழிலாளியின் கைக்கு அடங்கியதை மட்டும் தொழிலாளியின் பெயரில் எழுதுங்கள்.

மழை பெய்வது நம் கையில் இல்லை. வயதான விதைமரக் காட்டில் ஒருவருக்கு நிரை. 'ஆர்ஆர்ஐஎம் 600' போன்ற ஒட்டுமரக் காட்டில் இன்னொருவருக்கு நிரை. ஒரே திறமை, ஒரே வியர்வை. ராத்தல் மட்டும் பல மடங்கு வேறுபடும். உலகச் சந்தை விலையும் நம் கையில் இல்லை. ஆனால் 1950-களில் ரப்பர் விலை ஏறினால் ஏறவும் இறங்கினால் இறங்கவுமாகவே நம் கூலி ஒப்பந்தங்கள் இருந்தன. இன்று பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. செம்பனையிலும் இதே வழக்குத்தான். குட்டை மரத்தில் குலை தள்ளுவதும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் நெட்டை மரத்தில் தள்ளுவதும் ஒரே டன் கணக்கா? காய் குலைக்குத் தண்டம் போடத் தெரிந்த கணக்கு, மரத்தின் உயரத்துக்குப் படி கொடுக்கத் தெரியாதா?

இதற்காகத்தான் சங்கங்கள் மாதச் சம்பளம் என்று பல பத்தாண்டுகள் போராடின. இதற்காகத்தான் 2012-இல் வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை, டன் கணக்கிலும் வேலைப்பங்குக் கணக்கிலும் கூலி பெறுவோருக்கும் மாதச் சம்பளம் அந்த எல்லைக்குக் கீழே போகக்கூடாது என்று விதித்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கிய அந்த எல்லை, 2025-இல் 1,700 வெள்ளி ஆயிற்று. இதன் பொருள் என்ன? அளவுகோல் எவ்வளவு தவறினாலும் மனிதனின் சோற்றுத் தட்டு இந்த மட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று நாடு ஒரு கோடு போட்டிருக்கின்றது. அந்தக் கோட்டைக் காவல் காப்பது நம் வேலை.

தொழிலாளியை அளக்க மறந்த நிறுவனத்துக்கும் நட்டம் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்பைக் கண்டறியப் பதினோர் அடையாளங்களை வகுத்திருக்கின்றது. கடப்பிதழைப் பிடித்து வைப்பது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கடனில் கட்டிப்போடுவது எல்லாம் அதில் அடங்கும். 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த அடையாளங்களை வைத்தே மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்தது. டன் கணக்கு சரியாக இருந்தது. மனிதக் கணக்கில் அகப்பட்டார்கள். அந்த மனிதர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். நேற்று நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

நம்மை நாமே நிறுப்போம்

தோழர்களே! முதலாளியின் தராசைக் குறைசொல்வது எளிது. நம் சங்கமும் ஒரு நிறுவனம்தான். நம்மை எதைக் கொண்டு அளக்கின்றோம்? ஆண்டறிக்கையில் உறுப்பினர் எத்தனை, சந்தா எவ்வளவு, கூட்டம் எத்தனை என்று எழுதுகின்றோம். பிளாவ் கண்ட அலுவலகத்தின் பேட்டிக் கணக்குக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கூட்டம் போட்டோம், சரி, புகார் தீர்ந்ததா?

1954-இல் பல சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் எழுந்தபோது, பெரிய எண்ணிக்கையே பெரிய பலமாக இருந்தது. தோட்டங்கள் சுருங்கிவிட்ட இந்த நாளில் அந்த ஓர் அளவை போதாது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலம் அது. மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் நம்மவர்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியது. அன்று ஒரு தொழிலாளி அந்தச் சங்கத்தை எதனால் அளந்திருப்பான்? பங்காதாயம் எத்தனை விழுக்காடு என்று மட்டுமா? தன் வேலையும் தன் கூரையும் நிலைத்ததா என்றுதான் முதலில் பார்த்திருப்பான். அதுவே சரியான அளவை.

ஆகவே நம் கிளைகளுக்கு நாமே சில அளவைகளை வைத்துக்கொள்வோம். வந்த புகார் எத்தனை, தீர்ந்தது எத்தனை, தீர எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதுவோம். தீராத புகாரை மறைக்காமல் காரணத்தோடு எழுதுவோம். பாதி வேலையைப் பெண்கள் செய்த தோட்டத்தில், செயற்குழுவில் எத்தனை தாய்மார் என்று எழுதுவோம். சம்பளச் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய உறுப்பினர் எத்தனை பேர் என்று எழுதுவோம். இந்தக் கடைசி எண் உயர்ந்தால், மற்ற எண்கள் தாமே உயரும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு நோட்டு வாங்குங்கள். அன்றைய எடை அல்லது குலை எண்ணிக்கை, அன்றைய வேலை நேரம், மழையா வெயிலா என்று மூன்றே பத்தி போதும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். அந்தச் சீட்டு எவரும் போடும் பிச்சை அன்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் வந்த 1957-ஆம் ஆண்டு விதிகள், சம்பள விவரத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று முதலாளிக்கு விதித்திருக்கின்றன. சீட்டு வராவிட்டால் கேளுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் நோட்டோடு கிளைக்கு வாருங்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் வங்காளதேசத்தவராயினும் இந்தோனேசியராயினும், அவருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

அளவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தராசில்லாத கடையில் ஏழைதான் முதலில் ஏமாறுவான். தராசு வேண்டும், அதன் முள்ளை இரு பக்கத்தாரும் பார்க்கும்படி அது நடுவில் நிற்கவேண்டும். தோட்டத்துக் கணக்கேடு அலுவலகத்தில் இருக்கட்டும். நம் கணக்கேடு நம் வீட்டில் இருக்கட்டும். இரண்டு ஏடும் ஒரு மேசையில் சந்திக்கும் நாளில், அளக்கப்பட்டவர்களும் அளப்பவர்களாக நிற்போம்.

அந்தத் தாயாரின் நோட்டு விலை ஒரு வெள்ளிகூட இராது. வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!